கண்ட்ரோல் பி அழுத்தினால் பிடிஎஃப் மட்டும்தான் வருகிறது

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். "லினக்ஸுக்கு மாறி ஒரு மாதம் ஆகிறது, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பிரவுசரில் பிரிண்டரே காட்டமாட்டேன் என்கிறது. நீங்கள் இத்தனை வருடமாக எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" பதில் அடிக்க ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது, அதனால் தனியாகவே எழுதிவிடுகிறேன். ஆறு வருடமாக ஒரே மடிக்கணினி, ஒரே வைஃபை லேசர் பிரிண்டர், இரண்டுக்கும் நடுவில் லினக்ஸ். முதல் மூன்று வருடம் பிரிண்டர் என்று ஒன்று இருப்பதே எனக்கு நினைவில் இல்லை, அவ்வளவு ஒழுங்காக வேலை செய்தது. இயங்குதளத்தை அடுத்த பதிப்புக்கு ஏற்றினேன், அதோடு பிரவுசரும் சாண்ட்பாக்ஸுக்குள், அதாவது அனுமதி இல்லாமல் வெளியே எதையும் தொட முடியாத தனி அறைக்குள், அடைத்த பேக்கேஜாக மாறியது, அன்றைக்கு ஆரம்பித்தது இந்தத் தொல்லை.

தொல்லை என்றால் ஒன்றே ஒன்றுதான். கண்ட்ரோல் பி அழுத்தினால் பிரிண்டர் பட்டியலில் "பிடிஎஃப் ஆகச் சேமி" மட்டும் இருக்கும். வேறு எதுவும் இருக்காது. பிழைச் செய்தி கிடையாது, மஞ்சள் முக்கோணம் கிடையாது, "தேடுகிறேன்" என்று சுழலும் வட்டம்கூடக் கிடையாது. உங்களிடம் பிரிண்டர் என்ற பொருளே இல்லை என்பதுபோல அமைதியாக இருக்கும். பிரிண்டர் அணைந்திருந்தாலும் இதே முகம்தான், அச்சுச் சேவை ஓடாவிட்டாலும் இதே முகம்தான், பிரவுசருக்கு அந்தச் சேவையைத் தொட அனுமதி இல்லாவிட்டாலும் இதே முகம்தான். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு, ஆனால் நோய் எது என்று சொல்ல ஆள் இல்லை. எனக்கு இன்றுவரை கோபம் அடங்காதது இந்த ஒரு விஷயத்தில்தான்.

முதல் தடவை நான் என்ன செய்தேன் என்றால், பிரிண்டர் மேல்தான் சந்தேகப்பட்டேன். ரவுட்டரை அணைத்து ஏற்றினேன். டிரைவரை மாற்றினேன். பிரவுசரை நீக்கிவிட்டு அதே பேக்கேஜையே திரும்பப் போட்டேன், அதே நிலைமை. இரண்டு மாலை நேரம் போனது. மறுநாள் காலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டிய ஒரு படிவம் இருந்ததால், கடைசியில் அதை பிடிஎஃப் ஆகச் சேமித்து, டெர்மினலில் எல்பி என்ற அச்சுக் கட்டளைக்குப் பின்னால் கோப்பின் பெயரைக் கொடுத்தேன். நான்கே நொடியில் பிரிண்டர் உறும ஆரம்பித்து தாள் வெளியே வந்தது. அங்கேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், பிரிண்டரும் சேவையும் நன்றாக இருக்கின்றன, நடுவில் பிரவுசர்தான் நிற்கிறது என்று. புரியவில்லை. வேலை முடிந்துவிட்டதே என்று விட்டுவிட்டேன், அந்தச் சுற்றுவழியே ஆறு மாதப் பழக்கமாகிவிட்டது.

இதை விளங்கிக்கொள்ள ஒன்று தெரிந்தால் போதும். லினக்ஸில் பிரவுசர் பிரிண்டரோடு நேரடியாகப் பேசுவதில்லை. கப்ஸ் என்ற அச்சுச் சேவையிடம் "யார் யார் இருக்கிறார்கள்" என்று கேட்கிறது. கப்ஸ் இரண்டு வாசல்களில் பதில் சொல்லும், ஒன்று 631ஆம் போர்ட், இன்னொன்று ரன் அடைவுக்குள் கப்ஸ் என்ற பெயரில் இருக்கும் சாக்கெட் கோப்பு. இந்தக் கப்ஸ் நேற்று முளைத்தது இல்லை. மைக்கேல் ஸ்வீட் எழுதி 1999இல் வெளிவந்தது, 2002இல் ஆப்பிள் தன் மேக் இயங்குதளத்தில் சேர்த்துக்கொண்டது, 2007இல் மூலநிரலையே வாங்கியது, இப்போது லினக்ஸ் பக்கம் ஓப்பன்பிரிண்டிங் குழு கவனித்துக்கொள்கிறது. இத்தனை வருடம் அடிபட்டுத் தேறிய ஒன்று. அதனால் பிரவுசரில் பிரிண்டர் தெரியவில்லை என்றால் கப்ஸைத் திட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுக்கலாம்.

சரி, எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்கிறேன். டெர்மினலில் எல்பிஸ்டாட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதோடு ஒரு சிறு கோடும் ஆங்கில 'ஆர்' எழுத்தும் சேர்த்தால் கப்ஸ் ஓடுகிறதா இல்லையா என்று ஒரே வரியில் சொல்லும். 'ஆர்' இருக்கும் இடத்தில் 'இ' போட்டால் அப்போது கைக்கு எட்டும் எல்லாப் பிரிண்டர்களின் பெயரும் வரும், நெட்வொர்க்கில் தானாகக் கண்டவை உட்பட. 'வி' போட்டால் சேர்த்துவைத்த ஒவ்வொன்றும் எந்த முகவரிக்குப் போகிறது என்று தெரியும். என் பிரிண்டர் இந்த எல்லாவற்றிலும் இருந்தது. பிடிஎஃப் வாசிப்பானில் இருந்தது, அலுவலகத் தொகுப்பில் இருந்தது. பிரவுசரில் மட்டும் இல்லை. அப்போதுதான் கணினி எழுதிவைக்கும் நிகழ்வுக் குறிப்பை, அதாவது லாகை, காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளைப் பக்கம் போனேன். லாக் ஓடிக்கொண்டிருக்க, பிரவுசரில் கண்ட்ரோல் பி அழுத்தினேன். ஆப்ஆர்மர் என்ற காவல்காரன் ஒரு வரி எழுதினான், "மறுக்கப்பட்டது" என்று, பக்கத்திலேயே கப்ஸ் சாக்கெட்டின் பாதை. மறுபடி அழுத்தினேன், மறுபடி அதே வரி. ஆறு மாதமாக நான் அழுத்திய ஒவ்வொரு தடவையும் கணினிக்குக் காரணம் தெரிந்திருக்கிறது, எழுதியும் வைத்திருக்கிறது, எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

தீர்வு ஒரு வரிதான். இப்படி அடைத்த பேக்கேஜ் பெரும்பாலும் ஸ்னாப் அல்லது ஃபிளாட்பேக் வகையாக இருக்கும். ஸ்னாப் என்றால் ஸ்னாப் கனெக்ஷன்ஸ் கட்டளைக்குப் பிறகு பிரவுசரின் பெயரைக் கொடுங்கள். கப்ஸ் அல்லது கப்ஸ்-கண்ட்ரோல் என்ற வரிக்கு எதிரே வெறும் கோடு இருந்தால் அந்த இணைப்பு போடப்படவில்லை என்று அர்த்தம், ஸ்னாப் கனெக்ட் கொடுத்து இணைத்துவிடலாம். ஃபிளாட்பேக் என்றால் ஃபிளாட்சீல் என்ற கருவியைத் திறந்து, அந்தப் பிரவுசருக்கு நேராக அச்சு அமைப்புக்கான சாக்கெட் அனுமதியைப் போடலாம். ஃபிளாட்பேக்கில் லாகில் எதுவும் தெரியாமலும் போகலாம், ஏனென்றால் அங்கே யாரும் கதவில் நின்று மறுப்பதில்லை, உள்ளே இருப்பவர் கண்ணுக்கு அந்தச் சாக்கெட்டே கிடையாது. இரண்டிலும் பிரவுசரை முழுதாக மூடித் திறக்க வேண்டும். நான் மூடித் திறந்தேன், கண்ட்ரோல் பி, என் பிரிண்டர் பெயர் முதல் வரியில். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது, தேவையே இல்லாமல் ஒரு பக்கம் அச்சடித்தும் பார்த்தேன்.

இன்னொரு சின்னச் சோதனை இருக்கிறது. பிரவுசரின் முன்னோட்டத்தில் பட்டியல் காலியாக இருந்தால், அங்கேயே "கணினியின் உரையாடல் பெட்டியில் அச்சிடு" என்ற இணைப்பு இருக்கும், அதைச் சொடுக்கிப் பாருங்கள். பிரவுசரின் சொந்தப் பட்டியலும் அந்தப் பெட்டியும் பிரிண்டரைத் தேடும் வழி வேறு வேறு. அங்கே பிரிண்டர் தெரிந்தால் அவசரத்துக்கு அதிலேயே அச்சடித்துவிட்டு, பழுதை நிதானமாகப் பார்க்கலாம். பழைய பிரிண்டரின் அமைப்பு ஒட்டிக்கொண்டு குழப்புவதும் உண்டு, அதற்கு ஃபயர்ஃபாக்ஸில் பழுதுநீக்கத் தகவல் பக்கத்தில் சேமித்த அச்சு அமைப்புகளை அழிக்க ஒரு பொத்தானே வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் 2024 செப்டம்பர். கப்ஸ்-பிரவுஸ்டு என்ற துணைச் சேவையில் பெரிய பாதுகாப்பு ஓட்டை என்று செய்தி வந்தது. பெயரில் பிரவுஸ் இருப்பதால் குழம்ப வேண்டாம், இதற்கும் இணைய பிரவுசருக்கும் சம்பந்தமில்லை, நெட்வொர்க்கில் இருக்கும் பிரிண்டர்களைத் தேடி இந்தக் கணினியில் வரிசையாகச் சேர்த்துவைப்பது இதன் வேலை. யூடிபி 631ஆம் போர்ட்டில் யார் என்ன அனுப்பினாலும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது, அந்த வழியில் ஒரு போலிப் பிரிண்டரைச் சேர்த்து, அதற்கு அச்சு வேலை போகும்போது தீங்கான கட்டளையை ஓட்டலாம் என்று காட்டினார்கள். நானும் உடனே அதை நிறுத்தினேன், நிறுத்தியது சரிதான். ஆனால் அடுத்த வாரம் கண்ட்ரோல் பி அழுத்தினால் மறுபடி பிடிஎஃப் மட்டும். இந்தத் தடவை சாண்ட்பாக்ஸ் காரணமில்லை. என் பிரிண்டரை நான் நிரந்தரமாகச் சேர்த்ததே இல்லை, இத்தனை நாளும் அந்தத் துணைச் சேவைதான் சேர்த்துவைத்திருந்தது, அது நின்றதும் வரிசையும் போனது. காரணம் முற்றிலும் வேறு, திரையில் தெரிந்தது மட்டும் அச்சு அசலாக அதே.

இதற்கு நிரந்தரமான வழி பிரிண்டரைக் கையாலேயே சேர்த்துவிடுவது. பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 631 என்ற கப்ஸின் சொந்தப் பக்கத்தைத் திறந்து அங்கே சேர்க்கலாம், அல்லது எல்பிஅட்மின் கட்டளையில் பிரிண்டரின் ஐபிபி (இணைய அச்சு நெறிமுறை) முகவரியைக் கொடுத்து, டிரைவர் பெயர் வர வேண்டிய இடத்தில் "எவ்ரிவேர்" என்று போடலாம், தனி டிரைவர் வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். ரவுட்டரில் பிரிண்டருக்கு மாறாத முகவரி ஒன்று ஒதுக்கிவிடுங்கள், அதைச் செய்யாமல் சேர்த்தால் சில வாரம் கழித்து மறுபடி தேட வேண்டிவரும். நான் அப்படிச் செய்ததிலிருந்து பிரிண்டர் தூங்கினாலும் அணைந்தாலும் பட்டியலில் பெயர் இருக்கிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் அச்சடிப்பது இன்றைக்கு நன்றாக இருக்கிறது. என் பிரிண்டருக்கு நான் தயாரிப்பாளரின் டிரைவர் எதையும் போட்டதில்லை, முதல் தடவை மாற்றிப் பார்த்தேனே, அது தேவையில்லாத வேலை. 2010இல் ஆப்பிள் கொண்டுவந்த ஏர்பிரிண்ட் என்ற வசதி உள்ள பிரிண்டர் என்றால் பெரும்பாலும் டிரைவர் இல்லாமலே ஓடுகிறது. சாண்ட்பாக்ஸும் தப்பான யோசனை இல்லை. முன்பின் தெரியாத தளங்களின் நிரலை நாள் முழுவதும் ஓட்டும் மென்பொருள் பிரவுசர், அதைக் கட்டிப்போட வேண்டும் என்று நினைத்தவர்கள் சரியாகத்தான் நினைத்தார்கள். கட்டிப்போட்டவர்கள் "அச்சுச் சேவையை அணுக அனுமதி இல்லை" என்று பட்டியலில் ஒரு வரி காட்டியிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது. ஒரு வரி. இணைப்பு கிடைக்கவில்லை என்பது நிரலுக்குத் தெரியும், தெரிந்ததைச் சொல்லாமல் காலிப் பட்டியலைக் காட்டுவது பயனரை அலையவிடுவது.

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு நேற்று அவரோடு உட்கார்ந்தேன். சாண்ட்பாக்ஸ்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. இணைப்பைப் பார்த்தால் எல்லாம் சரியாகப் போடப்பட்டிருக்கிறது. வேறு எந்த மென்பொருளிலிருந்தாவது அச்சடித்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன், அவர் பார்க்கவே இல்லை, படிவம், ரசீது, பயணச்சீட்டு எல்லாமே பிரவுசரிலிருந்துதான் எடுப்பாராம். அதனால் பிரவுசர்தான் குற்றவாளி என்று முடிவுகட்டியிருக்கிறார். எல்பிஸ்டாட் 'இ' கொடுத்தோம், ஒன்றும் வரவில்லை. அலுவலக வேலைக்கான விபிஎன் (அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் தனி வழி) ஓடிக்கொண்டிருந்தது. பிரிண்டர்கள் தங்களை அறிவிப்பது எம்டிஎன்எஸ் என்ற முறையில், யூடிபி 5353இல், அந்த அறிவிப்பு அதே உள்ளூர் நெட்வொர்க்கைத் தாண்டாது, சில விபிஎன்கள் இணைந்ததும் அந்த உள்ளூர் போக்குவரத்தையே அடைத்துவிடும். விபிஎன்னை நிறுத்தினோம், பிரிண்டர் வந்தது, பிரவுசரிலும் வந்தது. கெஸ்ட் வைஃபையில் கணினி இருந்தாலும் இதே கதைதான்.

அப்படியானால் அந்தச் சாண்ட்பாக்ஸ் பேக்கேஜ் பிரவுசரை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் விஷயத்தில் அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை, என் கணினியிலும் ஒரு வரியில் சரியானதுதான், இருந்தும் வேண்டாம் என்றேன். நானே போன வருடம் அதை எடுத்துவிட்டு, அப்படி அடைக்காத சாதாரண பேக்கேஜைப் போட்டுவிட்டேன். ஃபயர்ஃபாக்ஸ், குரோமியம் இரண்டுமே வலைப்பக்கங்களைத் தங்களுக்குள்ளேயே தனிச் சாண்ட்பாக்ஸில்தான் ஓட்டுகின்றன, அந்தக் காவல் எனக்குப் போதும். நண்பர் தலையாட்டினார், மாற்றுவாரா என்று தெரியவில்லை. கிளம்பும் முன் அவருடைய பிரிண்டரை "எவ்ரிவேர்" போட்டு நிரந்தரமாகச் சேர்த்து, ரவுட்டரில் முகவரியையும் பூட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். விபிஎன்னை மறுபடி ஓட்டிப் பார்த்தோம். இப்போது பட்டியலில் பெயர் இருக்கிறது, அச்சு மட்டும் விபிஎன் நிற்கும்வரை வரிசையில் காத்திருக்கிறது, காத்திருப்பதைத் திரையில் சொல்லவும் செய்கிறது.