பட்டாளத்துப் போன் ஆப்பும் மாரியம்மன் திருவிழாவும்: 2023-லிருந்து அட்டாக்

நான் ராணுவக்காரன் இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கம் மாரியம்மன் கோவிலில் கூட்டம் நெரியும்போது தொண்டர்களோடு நிற்பேன். அங்கேதான் 2023 முதல் அட்டாக் (ATAK) என்ற வரைபட ஆப்பைப் பயன்படுத்துகிறோம். பெயரைக் கேட்டதும் எங்கள் குழுத் தாத்தா, "மாரியம்மாவுக்கு எதுக்குப்பா அட்டாக்?" என்றார்.

அது Android Team Awareness Kit என்பதன் சுருக்கம், அவ்வளவுதான். 2010 வாக்கில் அமெரிக்க விமானப்படையின் ஆய்வகம் இதைத் தொடங்கியது. ராணுவத்துக்கென்று தனியாகக் கருவி செய்து முடிப்பதற்குள் கடைகளில் அதைவிட நல்ல போன் வந்துவிடும். அதனால் கடைப் போனையே எடுத்து வீரரின் மார்பில் மாட்டி, கேபிளால் ரேடியோவோடு இணைத்தார்கள். தன் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். 2020-ல் பொதுமக்களுக்கான பதிப்பு இலவசமாக வந்தது.

தாத்தாவுக்கு இதில் ஒன்றும் வியப்பில்லை. நிறவெறி ஆட்சிக் காலத்தில், 1988-ல், ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் மேக் மகராஜ் ரகசியமாக நாட்டுக்குள் வந்து நடத்திய வூலா என்ற தலைமறைவு நடவடிக்கையிலும் கடைச் சரக்குதான். டோஷிபா மடிக்கணினியில் செய்தியைச் சங்கேதமாக்கி, மோடம் சத்தத்தைக் கேசட்டில் பிடித்து, பொதுத் தொலைபேசியில் லண்டனுக்கு ஓடவிட்டார்கள். அந்த ஏற்பாடு, லண்டனில் இருந்த அதே இயக்கத்தின் டிம் ஜென்கினுடையது. "உங்க ஆப்புக்குக் கேசட் வேணாம், அதான் வித்தியாசம்" என்றார் தாத்தா.

அதற்கு முன் எங்களுக்கு வாட்ஸாப் குழுதான். 2021 ஜூலையில் இங்கே நடந்த கலவரத்தில் வாட்ஸாப்பில் பறந்த குரல் பதிவுகள் நினைவிருக்கும். குழுவுக்குள் போனது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. தாங்கள் நிற்கும் இடத்தை அத்தனை பேருக்கும் காட்டப் பெண் தொண்டர்கள் தயங்கினார்கள், நியாயம்தான். இப்போது டிஜிட்டல் சான்றிதழ் (போனுக்கு நான் போட்டுத் தரும் அடையாள அட்டை மாதிரி ஒரு கோப்பு) உள்ள போன் மட்டும்தான் என் வீட்டு சர்வரோடு பேசும். ஒருவரின் போன் பறிபோனபோது அந்தச் சான்றிதழை மட்டும் ரத்து செய்தேன், வேலை முடிந்தது.

போன வருடம் ஜூஸ் கடைப் பக்கம் ஒரு சிறுமி தனியாக அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற தொண்டர் வரைபடத்தில் ஒரு குறி வைத்தார். ஒலிபெருக்கியில் பெயர் சொல்வதற்குள் தாயோடு நின்ற தொண்டர் அக்கா அந்தக் குறியைப் பார்த்துவிட்டு அவளைத் தாயிடம் கையோடு கூட்டி வந்தார்.

சரி, குறைகள். மெனு பட்டாளத்துக்காகச் செய்தது, பாதிப் பொத்தான்களை நாங்கள் தொட்டதே இல்லை. திரையும் ஜிபிஎஸ்ஸும் எந்நேரமும் ஓடுவதால் மதியத்துக்குள் பேட்டரி காலி. ஆளுக்கொரு பவர் பேங்க் கட்டாயம். அப்புறம் பலர் கவனிக்காதது: சர்வர் இல்லாமல் ஒரே வைஃபையில் போன்கள் நேராகப் பேசும்போது, குறியாக்கச் சாவி போடாவிட்டால் எல்லாம் வெட்டவெளிச்சம். அதே வைஃபையில் இந்த ஆப் வைத்திருக்கும் யாரும் உங்கள் புள்ளியைப் பார்க்கலாம்.

பெரிய சறுக்கல் என்னுடையது. 2023 ஏப்ரல் தொடக்கத்தில் சான்றிதழ்களை 2 வருடத்துக்குப் போட்டுவிட்டு மறந்துவிட்டேன். 2025 ஏப்ரல் 18, புனித வெள்ளி காலை, ஒரு போன்கூட சர்வரோடு இணையவில்லை. கேபிளைப் பிடுங்கிச் செருகி, சர்வரை நிறுத்தி ஓட்டி, அரை மணி நேரம் கழித்துத்தான் தேதியைப் பார்த்தேன். தீமிதிக் குழியருகே பக்கியின் (பிக்கப் வண்டியின்) பின்புறம் ஒரு ரூட்டரை வைத்து, ஒவ்வொரு போனிலும் குறியாக்கச் சாவியை ஏற்றி நேரடி முறைக்கு மாறினோம். கோவில் வளாகத்துக்குள் சமாளித்தது. வாகன நிறுத்தத்தில் நின்றவர்கள் வரைபடத்திலேயே இல்லை, அவர்களுக்குப் பழையபடி போன் அழைப்புதான்.

அன்றிரவே புதுச் சான்றிதழ் போட்டேன். காலாவதித் தேதியைத் தாத்தா கோவில் காலண்டரின் பின்பக்கம் பேனாவால் எழுதி, அடுப்படியில் மாட்டச் சொல்லி என் மனைவியிடம் கொடுத்துவிட்டார்.