ரஷ்யக் கோடை விருந்து: வெள்ளரிக்காய்க்காகப் போகலாம், கரடிக்காக வேண்டாம்

கோலாலம்பூரில் அம்பாங் பக்கம் ஒரு கடைவீட்டின் முதல் மாடியில் இருக்கும் ரஷ்ய உணவகம், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ‘ரஷ்யக் கோடை’ என்று தனி உணவுப் பட்டியல் போட்டிருக்கிறது. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. சில இடங்களில் நன்றாகத் திட்டப் போகிறேன், கடைக்காரப் பெண்மணியோ நல்லவர். ரஷ்யாவில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு எந்தக் கடை என்று தெரிந்துவிடும். மற்றவர்கள் அவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் குர்ஸ்க் நகரில் மருத்துவம் படித்தவள். இப்போது செந்தூலில் கிளினிக் வைத்திருக்கிறேன். குர்ஸ்க், வோல்கோகிராட், நிஸ்னி நோவ்கோரோட், மாஸ்கோ என்று போய் டாக்டராகித் திரும்பிய மலேசியத் தமிழ்ப் பிள்ளைகள் ஏராளம். ஆனால் ஜூலை பிறந்தால் பெரும்பாலோர் விமானம் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அதனால் அவர்களுடைய ரஷ்யா முழுக்கப் பனியும் கம்பளிக் கோட்டுமாக இருக்கும். எனக்கு டிக்கெட்டுக்குக் காசில்லாத காலம். மருத்துவமனைக் கோடைப் பயிற்சியை முடித்துவிட்டு, வாடகை வீட்டுப் பாட்டியோடு அவருடைய தாச்சாவுக்கு, அதாவது ஊருக்கு வெளியே இருந்த தோட்ட வீட்டுக்கு, போய் மண் கிளறினேன். ஆகையால் இந்தப் பட்டியலை எடைபோட எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

முதலில் திட்டிவிடுகிறேன். கோடை விருந்து என்று அழைத்துவிட்டு, படியேறியதும் எதிரே ஆளுயரக் கரடிப் பொம்மை, அதன் தலையில் ரோமத் தொப்பி. சுவர் முழுக்கப் பனிக்காட்டில் மூன்று குதிரை பூட்டிய வண்டி ஓடுகிறது. குளிர்சாதனத்தை வேறு பதினெட்டில் வைத்திருக்கிறார்கள். என்னோடும் என் கணவரோடும் வந்திருந்த அத்தை சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். குர்ஸ்கில் ஜூன் மாதம் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். வியர்வையும் கொசுவும் உண்டு. இன்னொன்றும் உண்டு: கோடையில் நகரத்து அடுக்ககங்களில் வெந்நீர் நின்றுவிடும். ஊருக்கே ஒரே இடத்தில் காய்ச்சிக் குழாயில் அனுப்பும் ஏற்பாடு என்பதால், பழுது பார்க்க வருடத்துக்கு ஒரு முறை இரண்டு வாரம் வரை மூடுவார்கள். ஆளாளுக்குப் பானையில் தண்ணீர் காய்ச்சிக் குளிப்போம். ரஷ்யக் கோடையின் சின்னம் வேண்டுமென்றால் அடுப்பில் ஒரு பெரிய எனாமல் பானையை வைத்திருக்கலாம், கரடியைவிட மலிவு.

சுவரில் உருப்படியாக ஒன்றுதான் இருந்தது: காய்ந்த பிர்ச் மர இலைக் கொத்து. ‘இது என்ன, விளக்குமாற்றைச் சாப்பிடும் இடத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள்?’ என்று அத்தை கேட்டார். அது வெனிக். பான்யா என்னும் நீராவி அறையில் உட்கார்ந்து அதனால் முதுகில் அடித்துக்கொள்வார்கள். கோடைத் தொடக்கத்தில் இலை இளசாக இருக்கும்போதே வெட்டிக் கட்டி, நிழலில் உலர்த்தி, வருடம் முழுவதற்கும் வைத்துக்கொள்வார்கள். ‘காசு கொடுத்து அடி வாங்குவதா?’ என்றார் அத்தை. கோலாலம்பூர் வெயிலில் பான்யாவின் அருமையை அவருக்கு விளக்க எனக்குத் தெம்பில்லை.

இனி சாப்பாடு. பட்டியலில் கடைசி வரியில், பொடி எழுத்தில், 16 ரிங்கிட்டுக்கு இருக்கிறது ‘இளம் உப்பு வெள்ளரிக்காய்’. அதைத்தான் முதலில் கேளுங்கள். நம் ஊறுகாய் மாதிரி மாதக்கணக்கில் ஊறியது அல்ல. விரல் நீள வெள்ளரியை உப்புத் தண்ணீரில், பூண்டு, வெந்தயக்கீரைக்கு மெலிந்த தங்கை போல இருக்கும் டில் கீரையின் பூங்கொத்து, முள்ளங்கி இனத்துக் காரக்கிழங்கின் இலை, கறுப்புச் சிறுபழம் காய்க்கும் ஸ்மரோதினாச் செடியின் இலை இவற்றோடு போட்டு ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள். உள்ளே பச்சை வாசம் போகாது, கடித்தால் சத்தம் கேட்கும். அந்த மொறுமொறுப்புக்கு இலைகளின் துவர்ப்புதான் காரணம். ஸ்மரோதினா இலைக்கு அம்பாங்கில் எங்கே போவது? கடைக்காரப் பெண்மணியிடம் ரஷ்ய மொழியில் கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. கடைக்குப் பின்னால் சந்தில் நிற்கும் கொய்யா மரத்து இலையாம். துவர்ப்பு துவர்ப்புதானே என்றார். எனக்கு வித்தியாசம் தெரிந்தது, குறையாகத் தெரியவில்லை. இந்த ஊரில் நான் பார்த்த ரஷ்யச் சமையல்களில் இதுவே அறிவுள்ள காரியம்.

வெள்ளரியைக் கடித்ததும் தாச்சாவைப் பற்றி வீட்டாருக்கு ஒரு பிரசங்கம் வைத்தேன். பணக்காரர் பங்களா என்று என் கணவர் நினைத்துக்கொண்டிருந்தார். அப்படியும் இருக்கின்றன. ஆனால் சாதாரண ஜனங்களின் தாச்சா வேறு. போருக்குப் பிந்திய சோவியத் காலத்தில் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் தங்கள் ஆட்களுக்கு ஊருக்கு வெளியே தோட்ட நிலம் பிரித்துக் கொடுத்தன. வழக்கமான அளவு ஆறு சோத்கா, அதாவது 600 சதுர மீட்டர். வீடு பெரிதாக இருக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வேறு. எங்கள் பாட்டிக்கும் அப்படிக் கிடைத்ததுதான். பலகை வீடு, கிணறு, தள்ளி ஒரு கழிப்பிடம், மற்றதெல்லாம் பாத்தி. மே 1, மே 9 விடுமுறைகளில் ஊரே கிளம்பிப் போய் உருளைக்கிழங்கு நடும். வெள்ளிக்கிழமை மாலைப் புறநகர் ரயிலில் கால் வைக்க இடமிருக்காது. வாளி, மண்வெட்டி, பெட்டி பெட்டியாகத் தக்காளி நாற்று, ஒரு பூனை. உருளைச் செடியில் கோடு போட்ட கொலராடோ வண்டு வரும். அதைக் கையால் பொறுக்கி டப்பாவில் போடுவது சிறுவர்களின் வேலை. எனக்கும் அந்த வேலையே கிடைத்தது, டாக்டருக்குப் படிக்கிறாள் என்ற மரியாதையெல்லாம் இல்லை. ஜூலையில் பழம் பறிப்பு, ஆகஸ்டில் மூன்று லிட்டர்க் கண்ணாடி ஜாடிகளை வரிசையாகக் கொதிக்க வைத்து வெள்ளரி, தக்காளி, பழப்பாகு என்று மூடிப் போடுவது. ஆகஸ்ட் 19 அன்று ஆப்பிள் பண்டிகை. புது ஆப்பிளைக் கோவிலுக்கு எடுத்துப் போய்ப் புனித நீர் தெளித்துக்கொண்டு வருவார்கள். பாட்டி இதை ஓய்வு என்றே சொல்வார். முதுகு நிமிராமல் வேலை செய்துவிட்டு, சாயங்காலம் திண்ணையில் தேநீரோடு பழப்பாகைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிடும்போது, நன்றாக ஓய்வெடுத்தோம் என்பார்.

அத்தை சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். இவ்வளவையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: ‘எங்களுக்கும் லயத்துக்குப் பின்னால் கத்தரி, மரவள்ளி போட இடம் விட்டிருந்தார்கள். தோட்டத்தை விற்றபோது எங்களையும் போகச் சொல்லிவிட்டார்கள். உங்கள் பாட்டிக்கு அந்த நிலம் நின்றதா?’ நின்றது. சோவியத் ஒன்றியம் போன பிறகு பலரும் அதைச் சொந்தமாகவே பதிந்துகொண்டார்கள். அத்தை தலையை ஆட்டிவிட்டு இன்னொரு வெள்ளரியை எடுத்துக்கொண்டார்.

அடுத்தது ஒக்ரோஷ்கா என்ற குளிர் சூப், 26 ரிங்கிட். வெள்ளரி, சிவப்பு முள்ளங்கி, வெந்த உருளை, அவித்த முட்டை, வெங்காயத்தாள், டில் எல்லாம் பொடியாக நறுக்கி, குளிர்ந்த க்வாஸ் ஊற்றி, மேலே ஒரு கரண்டி புளித்த பாலேடு. க்வாஸ் என்பது கோதுமை இனத்து ரை தானிய ரொட்டியைப் புளிக்க வைத்து எடுக்கும் பழுப்புப் பானம். கோடையில் தெருமுனைகளில் மஞ்சள் நிறப் பீப்பாய் வண்டியில் விற்பார்கள். க்வாஸுக்குப் பதில் கேஃபிர் என்ற புளித்த பாலை ஊற்றுகிறவர்களும் உண்டு. இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் சமாதானம் கிடையாது. நான் க்வாஸ் கட்சி. இந்தக் கடையும் அதே கட்சி. க்வாஸைக் கடையிலேயே போடுகிறார்கள், நுரை அடங்காமல் வருகிறது. இலேசான மதுச்சத்து உண்டு, வேண்டாதவர்கள் கேட்டுத் தவிர்க்கலாம். கண்டிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒக்ரோஷ்காவில் நறுக்கிப் போடும் சாசேஜ். ரஷ்யாவில் போடுவது 1936இல் வந்த ‘டாக்டர் சாசேஜ்’. அதில் மாடும் பன்றியும் சேரும். இங்கே கோழி போடுகிறோம் என்றார்கள். அத்தைக்கு நம்பிக்கை வரவில்லை, சாசேஜே இல்லாமல் கேட்டோம். முகம் சுளிக்காமல் கொண்டுவந்தார்கள். அத்தை பாதிக் கிண்ணம் குடித்துவிட்டு, உப்பு குறைவு என்றார். உண்மைதான், குறைவு. கடுகு விழுது கேட்டுச் சேர்த்தால் சரியாகிவிடும்.

‘ரயில் பெட்டி’ என்று ஒன்று, 38 ரிங்கிட். சிரித்துக்கொண்டே வாங்கினேன். தகரத்தாளில் சுற்றிய பொரித்த கோழிக்கால், அவித்த முட்டை, தக்காளி, கறுப்பு ரொட்டி, காகிதத்தில் மடித்த உப்பு, கூடவே உலோகப் பிடி போட்ட கண்ணாடித் தம்ளரில் தேநீர். இதை யோசித்தவர் ரயிலில் போனவர்தான். பள்ளிகளுக்கு ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை விடுமுறை. வாய்ப்புள்ளவர்கள் குடும்பத்தோடு கருங்கடலுக்குக் கிளம்புவார்கள்: சோச்சி, அட்லெர், கெலென்ஜிக், அனாப்பா. கதவில்லாத மூன்றாம் வகுப்புப் பெட்டி, 54 படுக்கை, மாஸ்கோவிலிருந்து ஒரு நாளுக்கு மேல் ஓடும் வண்டிகள் பல. ஏறி அரை மணிக்குள் எல்லாருடைய கோழியும் வெளியே வந்துவிடும். பெட்டி முனையில் எந்நேரமும் வெந்நீர். தேநீர்த் தம்ளரைப் பெட்டிப் பொறுப்பாளர் அம்மா கொடுப்பார். நடுவழி நிலையங்களில் பாட்டிகள் செர்ரியும் புகைபோட்ட மீனும் விற்பார்கள். வசதி வந்தபிறகு நிறையப் பேர் துருக்கியின் அந்தால்யாவுக்கும் எகிப்துக்கும் பறக்கப் பழகினார்கள். 2022 பிப்ரவரியில் தென்பகுதி விமான நிலையங்கள் பலவற்றை மூடியதும் கடலுக்குப் போகும் கூட்டம் மறுபடி ரயிலைத் தேடியது. பிள்ளைகளுக்கு ஏற்ற ஆழமில்லாத கடல் என்று பெயர் வாங்கிய அனாப்பாவுக்கு 2024 டிசம்பரில் வேறு கேடு வந்தது. கெர்ச் நீரிணையில் எண்ணெய்க் கப்பல்கள் உடைந்து கரி எண்ணெய் மணலெல்லாம் ஏறிவிட்டது. கடைக்காரப் பெண்மணி சிறுவயதில் போன கடற்கரை அதுதானாம். அதற்குமேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

கோழி கொஞ்சம் காய்ந்திருந்தது. ரயிலிலும் அப்படித்தான் இருக்கும், ஆனால் ரயிலில் 38 ரிங்கிட் வாங்க மாட்டார்கள்.

என் கணவருக்கு உணவைவிட உறைத்தது விடுப்புக் கணக்கு. ரஷ்யத் தொழிலாளர் சட்டப்படி வருடத்துக்கு 28 நாள் சம்பள விடுப்பு. அதில் ஒரு பகுதியாவது 14 நாள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். வார இறுதி நாள்களும் அந்தக் கணக்கில் சேரும் என்றாலும் நிறையத்தான். நம் சட்டத்தில் முதல் இரண்டு வருடத்துக்கு 8 நாள், ஐந்து வருடம் வேலை பார்த்த பிறகு 16. வங்கியில் வேலை பார்க்கும் மனிதர் தம்ளரை மேசையில் வைத்துவிட்டு, ‘தொடர்ச்சியாகவா?’ என்று மட்டும் கேட்டார்.

கம்பியில் கோத்துச் சுடும் இறைச்சியான ஷஷ்லிக் வேண்டாம். 62 ரிங்கிட்டுக்கு நான்கு துண்டு ஆட்டிறைச்சி, வாயு அடுப்பில் சுட்டது. ஆட்டிறைச்சியில் குற்றமில்லை, காக்கேசிய மலைநாட்டிலிருந்து வந்த பண்டம், அங்கே ஆடுதான். வெங்காயத்தில் ஊறவைத்ததும் சரி. ஆனால் விறகுக் கரியின் புகை இல்லாத ஷஷ்லிக் எதற்கு? தாச்சாவில் அடுப்பருகே ஆண்கள் மட்டுமே நிற்பார்கள், அட்டையால் விசிறிக்கொண்டு, பெண்களைப் பக்கத்தில் விடாமல், பெரிய அறுவைச் சிகிச்சை நடப்பதுபோல. வருடம் முழுவதும் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் அன்று ஒரு நாள் சமையற்காரர்கள். சத்தேயைக் கரியில் விசிறிச் சுடத் தெரிந்த ஊரில் கடை வைத்துக்கொண்டு இப்படிச் செய்வது சோம்பல்.

மீன்முட்டை வைத்த பிளினி என்னும் மெல்லிய தோசை 75 ரிங்கிட். அடுத்த மேசையில் ஓர் இளம் ஜோடி அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. கோடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பழங்களைக் கொதிக்க வைத்து ஆறவைத்த கம்போத் 12 ரிங்கிட், தாராளமாகக் குடிக்கலாம், சர்க்கரை நோயாளிகள் தவிர. இதை டாக்டராகவும் சொல்கிறேன்.

பரிமாறிய தம்பி நேப்பாளத்துப் பையன், பணிவானவர், எந்த உணவில் என்ன இருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்கிறார். தெரியாததைச் சமையலறையில் போய்க் கேட்டு வந்து சொல்கிறார். கட்டணத்தில் பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் ஆறு விழுக்காடு வரியும் சேரும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

மின்தூக்கி இல்லை, படி செங்குத்து. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை யோசித்து அழைத்துப் போங்கள். அத்தை இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார். ஞாயிறு மதியம் கூட்டம், முன்பதிவு தேவை. மாலையில் அம்பாங் சாலை நெரிசலில் சிக்காமல் இருக்க எல்.ஆர்.டி. ரயிலில் போவது மேல். வெள்ளரிக்காய் ஜாடியாகவும் கிடைக்கும், 28 ரிங்கிட், இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவைக்க வேண்டும். வாங்கியதும் குளிர்பெட்டியில் வையுங்கள், வெளியே வைத்தால் நம் ஊர்ச் சூட்டில் ஒரே இரவில் புளித்துவிடும்.