புது டீசல் லாரி ஸ்டார்ட் ஆகவில்லை: ஒரே பழுது, இரண்டு சர்வீஸ் சென்டர்

வாங்கி ஓராண்டுகூட ஆகாத லாரி. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. சில நேரம் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிவிடும், சில நேரம் எவ்வளவு அடித்தாலும் ஆகாது. இந்த ஒரே குறைக்காக ஒரே கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற இரண்டு சர்வீஸ் சென்டர்களின் வேலையைப் பார்த்தேன். இரண்டிலும் இருப்பது ஒரே ஸ்கேனர், ஒரே கம்பெனிப் பயிற்சி. ஆனால் வேலை செய்யும் விதம் முற்றிலும் வேறு. பெயர் எதையும் குறிப்பிடப் போவதில்லை. எது நல்ல சர்வீஸ், எதைப் பார்த்து அதை முடிவு செய்யலாம் என்பதை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் புது வண்டி வைத்திருக்கும் பலர் இதே அலைச்சலில் இருப்பார்கள்.

முதலில் போன இடம். வண்டியைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. உள்ளே விட்டதும் ஸ்கேனரைப் போட்டார்கள், கோளாறு கோடுகள், அதாவது எந்தப் பழுது என்று சொல்லும் குறியீடுகள், வரிசையாக வந்தன, அதில் ரெயில் பிரஷர் சென்சார் (டீசல் அழுத்தத்தோடு சேர்ந்து நிற்கும் ரெயில் என்ற குழாயின் அழுத்தத்தை அளப்பது) என்ற பெயரும் இருந்தது. அடுத்த நிமிடமே எல்லாக் கோடுகளையும் அழித்துவிட்டார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இதுதான். கோளாறு பதிவாகும் நொடியில் எஞ்சின் வேகம், வெப்பம், ரெயில் அழுத்தம், மின்னழுத்தம் எல்லாம் எவ்வளவு இருந்தன என்று எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசிஎம் சேர்த்துப் பதிந்து வைக்கும். வந்து வந்து போகும் பழுதுக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேறு கிடையாது. அதைப் படிக்காமல் அழித்தால் துப்பு போச்சு. அப்புறம் சென்சாரை மாற்றினார்கள், வண்டி ஸ்டார்ட் ஆனது, சாவியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

சில நாளில் மறுபடியும் அதே கதை. இந்த முறை டீசல் பம்ப்பைக் கழற்றிப் பார்க்கலாம் என்றார்கள். அங்கே இருந்த ஒருவர், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் பைப்பின் நட்டைத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடித்துப் பார்க்க ஸ்பேனரை எடுத்தார், நான் வேண்டாம் என்று நிறுத்தினேன். பழைய பம்ப் வண்டிகளில் ஏர் எடுக்க எல்லோரும் செய்த வேலைதான் அது, சரி. ஆனால் எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே ரெயிலிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் செய்யவே கூடாது. ஓடும்போது ரெயிலில் 1,600 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்), சில எஞ்சின்களில் 2,000 பாருக்கு மேலும் அழுத்தம் ஏறும். செல்ஃப் அடிக்கும்போதே சில நூறு பார் வரும். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் சின்னப் புள்ளி போலத்தான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது, விரலே போனவர்கள் உண்டு. கூடவே இன்னொரு யோசனையும் வந்தது, ஏர் ஃபில்டர் வழியாக ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்போம் என்று. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் ஹீட்டரோ குளோ பிளக்கோ உள்ள எஞ்சினில் ஈதர் ஸ்ப்ரே அடித்தால் அது நேரம் தவறி வெடித்துப் பிஸ்டனையே உடைத்துவிடலாம். ஒயரைச் சோதிக்க வேண்டிய இடத்தில் எஞ்சினைப் பணயம் வைக்கும் யோசனை இது. அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது இடத்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் போனில் பேசினார் அவர்களுடைய எலெக்ட்ரீஷியன். வண்டியைக் கட்டி இழுத்து வரச் சொல்லவில்லை. "அண்ணே, மறுபடி எப்ப ஸ்டார்ட் ஆகலையோ அப்ப எதையும் தொடாம எனக்கு போன் பண்ணுங்க, வண்டி நிக்கிற இடத்துக்கே நான் வர்றேன்" என்றார். வந்து போகும் பழுதைப் பழுது இருக்கும் நேரத்தில்தான் பிடிக்க முடியும், இழுத்துக் கொண்டுபோகும் குலுக்கலிலேயே அது மறைந்துவிடலாம். இதைப் புரிந்துகொண்ட ஆளிடம் பேசுகிறோம் என்று எனக்கு அப்போதே நம்பிக்கை வந்தது.

அடுத்தமுறை வண்டி நின்றபோது அவர் போனிலேயே கேட்ட கேள்விகள்: செல்ஃப் சுற்றும் வேகம் எப்போதும் போலத்தான் இருக்கிறதா? சாவியைப் போட்டதும் எஞ்சின் விளக்கு எரிகிறதா? சாவிப் படம் போட்ட விளக்கு மின்னுகிறதா? செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறதா? கடைசியாக டீசல் எப்போது போட்டீர்கள்? வண்டி வாங்கிய பிறகு ஜிபிஎஸ், விளக்கு, பாட்டுப் பெட்டி என்று வெளியில் ஏதாவது மாட்டினீர்களா? ஓடும்போது எஞ்சின் விளக்கு எப்போதாவது ஒரு நொடி எரிந்து அணைந்ததா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றேன். முதல் இடத்தில் இதை நானாகவே சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை.

புகையைப் பற்றிய கேள்வி எவ்வளவு முக்கியம் என்று அவர் வந்தபிறகுதான் விளக்கினார். செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். அப்போது கம்ப்ரஷன், ஹீட்டர், தண்ணீர் கலந்த டீசல் என்று தேட வேண்டும். புகையே வராவிட்டால் டீசல் சிலிண்டருக்குள் போகவே இல்லை. என் வண்டியில் புகை துளிகூட இல்லை. எந்தக் கருவியும் இல்லாமல் பாதித் தேடல் முடிந்துவிட்டது.

பேட்டரியை முதலில் பார்த்தார். 24 வோல்ட் வண்டி. சும்மா இருக்கும்போது 25 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல், செல்ஃப் அடிக்கும்போதும் 20-க்குக் கீழே இறங்கவில்லை. புது வண்டியில் பேட்டரி கெட்டிருக்காது என்று நினைத்துவிடக் கூடாது என்றார், விற்பனைக்கு முன் யார்டில் மாதக் கணக்கில் சார்ஜ் ஏறாமல் நின்ற வண்டிகளில் பேட்டரி பாதி உயிரோடுதான் வரும். அப்புறம் டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரிலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துச் சற்று நேரம் வைத்தார், தண்ணீர் பிரியவில்லை, நிறமும் சுத்தம். டாங்கியிலிருந்து பம்ப்புக்கு டீசல் வரும் அழுத்தமான ஃபீட் பிரஷரும் சரி.

இனிதான் உண்மையான வேலை. ஸ்கேனரை மாட்டிக் கோடுகளைப் படித்தார், அழிக்கவில்லை, அப்படியே சேமித்து வைத்துக்கொண்டார். ரெயில் பிரஷர் சென்சாரோடு சேர்ந்து, அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத வேறு இரண்டு சென்சார்களின் பெயரும் இருந்தது, கேம் ஷாஃப்ட் சுற்றுவதைப் பார்க்கும் கேம் சென்சார் உட்பட. "ஒரே நேரத்துல மூணு சென்சாரும் சேர்ந்து கெட்டுப்போகுமா அண்ணே? மூணுக்கும் பொதுவா என்ன இருக்குன்னுதான் பார்க்கணும்" என்றார். ஒயரிங் படத்தை எடுத்துப் பார்த்தால் மூன்றும் வேலை செய்ய ஈசிஎம் தரும் 5 வோல்ட் சப்ளை ஒரே கிளையிலிருந்து போகிறது.

அதற்கும் முன்னால் ஸ்கேனரில் ரெயில் அழுத்தத்தைத் திறந்து வைத்துவிட்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார். காமன் ரெயில் எஞ்சினில் ரெயில் அழுத்தம் ஓர் அளவுக்கு, பல எஞ்சின்களில் ஏறக்குறைய 200 பார் அளவுக்கு, ஏறினால்தான் ஈசிஎம் இன்ஜெக்டரைத் திறக்க உத்தரவு கொடுக்கும். என் வண்டியில் ஸ்கேனர் காட்டிய எண் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, ஆணி அடித்த மாதிரி நின்றது. உண்மையான அழுத்தம் எப்போதும் கொஞ்சமாவது ஆடிக்கொண்டே இருக்கும். அசையாத எண் என்றால் சென்சார் சொல்வதை ஈசிஎம் நம்பவில்லை, தானாக ஓர் எண்ணைப் போட்டுக் காட்டுகிறது. முதல் இடத்திலும் இதே திரையைத்தான் பார்த்தார்கள், அழுத்தம் குறைவு என்று படித்து பம்ப் வரைக்கும் போய்விட்டார்கள்.

ரெயில் சென்சாரின் கப்ளரை, அதாவது ஒயர் மாட்டும் பிளக்கை, கழற்றி மல்டிமீட்டரை வைத்தார். 5 வோல்ட் இருக்க வேண்டிய பின்னில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. பிறகு அந்தக் கிளையில் உள்ள மற்ற சென்சார்களின் கப்ளரையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஏதாவது ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் அதைக் கழற்றிய உடனே 5 வோல்ட் திரும்பி வந்துவிடும். எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லை. ஆகவே சென்சார்களில் குற்றம் இல்லை, மிச்சம் இருப்பது ஒயர் அல்லது ஈசிஎம். இந்த இடத்தில்தான் பலர் ஈசிஎம் போச்சு என்று எழுதிவிடுவார்கள். இவர் ஈசிஎம்மிலிருந்து எஞ்சின் பக்கம் போகும் கப்ளரைப் பிரித்துவிட்டு ஈசிஎம்மின் பின்னிலேயே அளந்தார், முழு 5 வோல்ட் வந்தது. ஈசிஎம் நல்லது. பழுது நடுவில் உள்ள ஒயரில்தான்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்த ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரைப் போட்டு பீப் சத்தம் வரும் நிலையில் விட்டார், சத்தம் நிற்காமல் வந்தது, அதாவது ஒயர் எங்கோ இரும்பைத் தொடுகிறது. இப்போது ஹார்னஸை, அதாவது ஒயர்க் கட்டை, ஒரு முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் அசைத்துக்கொண்டே போனார். எஞ்சின் பக்கவாட்டில் ஒரு பிராக்கெட் அருகே வந்ததும் சத்தம் நின்றது, விட்டதும் மறுபடி வந்தது. டேப்பைப் பிரித்துப் பார்த்தால் கிளாம்ப் ஒன்று அதன் இடத்தில் பொருந்தாமல் இருந்ததால் ஹார்னஸ் பிராக்கெட்டின் கூரான விளிம்பில் உரசி உரசி, ஒரு ஒயரின் மேல்தோல் தேய்ந்து செம்பு தெரிந்தது. எஞ்சின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருப்பதால் அணைக்கும்போது ஒரு குலுக்கு குலுக்கித்தான் நிற்கும். நிற்கும்போது செம்பு இரும்பைத் தொட்டால் அடுத்தமுறை ஸ்டார்ட் ஆகாது, தொடாவிட்டால் ஆகிவிடும். முதல் இடத்தில் சென்சார் மாற்றியதும் வண்டி ஓடியதற்கும் இதுதான் காரணம், கை வைத்து வேலை செய்தபோது ஹார்னஸ் நகர்ந்திருக்கிறது.

ஒயரைச் சேர்த்து, சூடு காட்டினால் சுருங்கி ஒட்டும் குழாய் போட்டு, மேலே ஸ்லீவ் ஏற்றி, கிளாம்ப்பை அதன் சரியான துளையில் பொருத்தினார். அதோடு விடவில்லை. ஸ்டார்ட் செய்து, சூடாகும் வரை ஓடவிட்டு, அணைத்து, ஹார்னஸை வேண்டுமென்றே அசைத்து, மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தார். செல்ஃப் அடித்ததும் ரெயில் அழுத்தம் ஏறுவதை ஸ்கேனரில் என்னிடமும் காட்டினார். அதற்குப் பிறகுதான் கோடுகளை அழித்தார். அன்றிலிருந்து வண்டி ஒருமுறைகூட மக்கர் செய்யவில்லை.

புது வண்டி ஸ்டார்ட் ஆகாததைப் பழைய வண்டி மாதிரி பார்க்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். இன்ஜெக்டரும் பம்ப்பும் தேய்வதற்கு இன்னும் காலம் இருக்கிறது, டீசல் கெட்டுப்போய் அவற்றைக் கெடுத்தால் ஒழிய. சரியாக உட்காராத கப்ளர், பெயின்ட் மேல் முறுக்கிய எர்த் ஒயர், இடம் மாறிய கிளாம்ப், எலி கடித்த ஒயர், வெளியில் மாட்டிய ஜிபிஎஸ்காரர் வெட்டிச் சேர்த்த ஒயர், சாவியை அடையாளம் காணாத இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் பூட்டு), இவைதான் முதலில் சந்தேகப்பட வேண்டியவை. செல்ஃப்பே சுற்றவில்லை என்றால் அது வேறு கணக்கு, கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், ரிலே என்று அந்தப் பக்கம் போக வேண்டும். எப்படியானாலும் வாரண்டி இருக்கும்போது வெளி ஆளை வைத்து ஒயரை வெட்ட விடாதீர்கள், அதைக் காட்டியே வாரண்டி கிளைமை மறுத்துவிட முடியும்.

இரண்டாவது இடத்திலும் குறை இல்லாமல் இல்லை. சொன்ன நேரத்துக்கு வரவில்லை, நீண்ட நேரம் சாலையோரம் காத்திருந்தேன், தாமதம் என்று ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம். வரவேற்பில் இருப்பவர்களுக்கும் உள்ளே வேலை செய்பவர்களுக்கும் தொடர்பே இல்லை, வேலை முடிந்ததா என்று கேட்டால் அவர்களுக்கே தெரியவில்லை. ஜாப் கார்டிலும் முதலில் "ஒயரிங் சரி செய்யப்பட்டது" என்று ஒரே வரிதான் எழுதியிருந்தார்கள். இப்படி எழுதினால் நாளைக்கு அதே இடத்தில் பழுது வந்தால் நம்மால் எதையும் நிரூபிக்க முடியாது. எந்த ஒயர், எந்த பிராக்கெட் அருகே, என்ன அளவு வந்தது, கோடுகளின் அச்சுப் பிரதி, எல்லாம் வேண்டும் என்று கேட்டேன். முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுத்தார்கள், அதனால் இதைப் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன்.

ஒயரிங் தெரிந்த ஒரு ஆள் மீட்டரோடு பொறுமையாக உட்கார்ந்தால் போதும், அப்படி ஒருவர் இங்கே இருப்பதால் இந்த இடத்தை யாருக்கும் தயங்காமல் சொல்வேன். நீங்கள் போகும் இடம் எதுவானாலும் ஒரு பார்ட்டை மாற்றுவதற்கு முன் "என்ன அளந்தீங்க, எவ்வளவு வந்துச்சு?" என்று கேளுங்கள். எண்ணோடு பதில் வந்தால் வண்டியை விடலாம். கோடு வந்தது, அதனால் மாற்றுகிறோம் என்று மட்டும் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். அப்புறம், புது வண்டியின் அடுத்த சர்வீஸில் எஞ்சின் பக்கத்து ஹார்னஸ் கிளாம்ப்புகள் எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், அதற்குச் சில நிமிடம் போதும்.