மேடு பள்ளக் காட்டில் ஏழு கம்பி சோலார் மின்வேலி: பல வருஷம் வைத்திருப்பவன் சொல்வது

அந்தியூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் நிலம் வாங்கியிருக்கும் நண்பருக்கு இதை எழுதுகிறேன். "நீங்க போட்டிருக்கீங்களே, சோலார் வேலி எப்படி இருக்குதுங்க, போடலாமுங்களா?" என்று கேட்டிருந்தீர்கள். கேட்ட நேரம்தான் சரியில்லை. புரட்டாசி மழைக்குப் பள்ளத்தில், அதாவது காட்டுக்குள் ஓடும் ஓடையில், வந்த தண்ணீர், குறுக்கே இருந்த வேலியை அப்படியே சுருட்டிக்கொண்டு போய் வேலாமரத்தில் மாட்டிவிட்டது. அதை எடுத்துக் கட்டிய கூலியின் சூடு இன்னும் ஆறவில்லை. கோபத்தைக் கொஞ்சம் கழித்துவிட்டுப் படியுங்கள்.

கம்பிக்கு ஷாக் அனுப்பும் மெஷின், அதை ஓட்டும் சோலார் பேனல், பேட்டரி பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. பேட்டரி ஒரு தடவை மாற்றினேன், அது எல்லோருக்கும் உள்ளதுதான். சொல்லப்போனால் மெஷின் நான் நினைத்ததைவிட நல்ல சாமான். ஏறக்குறைய நொடிக்கு ஒரு மின்துடிப்பு, ஒவ்வொன்றும் நொடியில் நூறில் ஒரு பங்குகூட நீடிக்காது. வோல்ட் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் தொட்டவன் துள்ளி விழுவானே ஒழியச் சாக மாட்டான். எங்கள் வீட்டு எருமை ஒரே ஒரு தடவை மூக்கை வைத்தது. அதோடு அந்தப் பக்கம் மேய்வதையே விட்டுவிட்டது.

என் சண்டை முழுக்க அடிக்கம்பியோடுதான்.

காட்டுப்பன்னிக்கு உடம்பெல்லாம் தடித்த தோலும் முரட்டு மயிரும். ஷாக் அதற்கு உறைக்கிற இடம் மூக்கு. அதனால் அடிக்கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், அது மோப்பம் பிடித்து வரும் மட்டத்தில் ஓட வேண்டும். சமநிலத்தில் இது ஒரு வேலையே இல்லை. நம்முடையது போன்ற விவசாயக் காட்டில் தரை ஏறும், இறங்கும், நடுவில் பாறை முதுகு நீட்டும். கம்பியோ ஒரு வேலிக்காலுக்கும் அடுத்த காலுக்கும் நடுவே நேர்கோட்டில்தான் நிற்கும். மேட்டில் கம்பி புல்லில் உரசும், குழிவில் முழங்கால் உயரத்துக்குப் போய்விடும். உரசுகிற இடத்தில் கரண்ட் தரைக்கு இறங்கி வீணாகும், உயர்ந்த இடத்தில் பன்னி குனியாமலே உள்ளே வரும். குழிவில் கல்லை அடுக்கி நிரப்பலாம். அடுத்த மழை வரை அது நிற்கும்.

இதோடு இன்னொரு கூத்து. கம்பியை இறுக்க இறுக்க, மேட்டில் நட்ட கால் தரைக்குள் அழுந்தும், குழிவில் நட்ட கால் மேலே எழும்பும். எங்கள் பள்ளத்துக் கரையில் நட்ட கல்லுக்கால் ஒன்று, வருஷத்துக்கு ஒரு விரற்கடை வீதம் வேர் தளர்ந்த பல் போல மேலே வந்துகொண்டிருந்தது. வேலி போட்டுக்கொடுத்தவரிடம் கேட்டால், "மண்ணு லூசுங்க" என்றார். மண் ஒரு பாவமும் செய்யவில்லை. அப்படிப்பட்ட காலுக்கு அடியில் ஒரு நீளக் கல்லைக் குறுக்காகப் புதைத்து, காலை அதோடு கம்பியால் கட்டிவிட்டுத்தான் குழியை மூட வேண்டும். பாறையாக இருந்தால் கம்ப்ரசர் வைத்துத் துளைத்து, இரும்புக் கம்பி இறக்கி, சிமெண்ட் ஊற்ற வேண்டும். அவர் கொடுத்த கொட்டேஷனில் எல்லாக் காலுக்கும் ஒரே ஆழம், ஒரே விலை.

கொட்டேஷன் என்றதும் ஒன்று. "மேடு பள்ளம், படத்துல இருக்கறதவிட நீளம் எகிறிப்போகுங்க" என்று சொல்லிப் பணம் ஏற்றுவார்கள். புலப்படத்தில் (சர்வே படத்தில்) இருப்பது கிடைமட்ட அளவு என்பது உண்மை. ஆனால் நூறு அடிக்கு முப்பது அடி ஏறுகிற சரிவிலேகூடக் கூடுதல் நீளம் நாலரை அடிதான், கணக்குப் போட்டுப் பாருங்கள். செலவை ஏற்றுவது நீளம் இல்லை, திருப்பம். வேலி திரும்புகிற ஒவ்வொரு இடத்திலும் முட்டுக்காலோடு ஒரு தடித்த கால் வேண்டும். காலைத்தான் எண்ணிப் பேச வேண்டும், மீட்டரை இல்லை.

கோடையில் வேறு தொந்தரவு. தொட்ட மிருகத்தின் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கி, மண் வழியாக, மெஷினோடு இணைத்துத் தரையில் அடித்த எர்த் ராடுக்குத் திரும்பினால்தான் ஷாக். சித்திரையில் நம் சரளை மண் காய்ந்து கிடக்கும்போது அந்த வழி அடைபடும். உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாச்சு. உருப்படியாக உதவியது ஒன்றுதான்: கம்பிகளை ஒன்றுவிட்டு ஒன்று எர்த்தாக மாற்றியது. இரண்டு கம்பியையும் சேர்த்துத் தொட்டால் மண்ணின் தயவு தேவையில்லை.

மயிலைப் பற்றிக் கேட்காதீர்கள். அதற்கு இது உட்காரும் இடம்.

மெயின் லைனிலிருந்து நேராகக் கம்பிக்குக் கரண்ட் கொடுக்கிற யோசனையை யாராவது சொன்னால், அந்த ஆளோடு சகவாசமே வேண்டாம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் மூன்று யானைகள் செத்தது அப்படி ஒரு வேலியில்தான். அந்த வருஷமே மின்வேலிக்குத் தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. உங்கள் நிலம் காப்புக்காட்டை ஒட்டி இருப்பதால் சோலார் வேலிக்கும் வனத்துறையிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். மானியம் வேளாண்மைப் பொறியியல் துறையில். எவ்வளவு என்பதை ஆபீசில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள், அது மாறிக்கொண்டே இருக்கும்.

வடக்கு எல்லையில் அப்பாரு (தாத்தா) காலத்துக் கிளுவை முள்வேலி இன்னும் இருக்கிறது. காங்கயத்துக் கொறங்காடுகளில், அதாவது மேய்ச்சல் காடுகளில், இருப்பதே போல, போத்து (கிளை) வெட்டி நட்டது. பாறையில் வளைந்து, குழியில் இறங்கி, தரை போன பக்கம் போகிறது. ஆனால் இடைவெளி விழுந்த இடத்தில் பன்னி நுழைந்தால் தடுக்க அதற்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பக்கம் நான் நிலக்கடலை போடுவதே இல்லை. சோலார் வேலி உள்ள பக்கம் போடுகிறேன், வீட்டுக்குக் கொண்டும் வருகிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம்.

பள்ளத்தை இந்தத் தடவை கட்டிக்கொடுத்த பெரியவர் பார்த்ததும் சொன்னார்: "தண்ணியோட எதுக்குங் சாமி மல்லுக்கட்டறீங்க? வேலிய ரெண்டு கரையோட நிறுத்துங்க. நடுவால மேல ஒரு கம்பிய இழுத்து, சங்கிலியாத் தொங்க உடுங்க. வெள்ளம் வந்தாத் தூக்கிக்கும், வடிஞ்சா எறங்கிக்கும்." அப்படியே செய்திருக்கிறோம். தொங்குகிற சங்கிலிகளுக்கு மட்டும் தனியாக ஒரு சுவிட்ச், வெள்ளம் வரும்போது அணைத்துவிட்டால் மற்ற வேலி ஓடும். இதை முதல் நாளே வேலிக்காரர் செய்திருக்க வேண்டும்.

ஆக, இன்றைக்கு என்னைக் கேட்டால் போடாதீர்கள் என்பேன். ஐப்பசியில் கடலை பிடுங்கிய பிறகு கேட்டால் வேறு மாதிரி சொல்வேன். அதுவரை பொறுக்க முடியாதென்றால் கல்லுக்காலை மட்டும் இப்போதே நட்டுவையுங்கள், ஈர மண்ணில் குழி சுலபமாக இறங்கும். அதில் பிறகு எந்தக் கம்பியை வேண்டுமானாலும் கட்டலாம்.