நான்காம் ஜார்ஜ் ஃபேட்டன்: ஓட்டிப் பராமரித்த அனுபவம்

உடல் பருத்து, உயரமான வண்டிகளில் ஏற முடியாமல் போன இங்கிலாந்து மன்னர் நான்காம் ஜார்ஜுக்காக 1824-இல் செய்த தாழ்வான நான்கு சக்கரக் குதிரை வண்டிதான் இந்த ஃபேட்டன். பிறகு லண்டன் ஹைட் பார்க்கில் தாங்களே வார் பிடித்து ஓட்டிய சீமாட்டிகளுக்குப் பிடித்த வண்டியாகிவிட்டது. காரணம் ஏறும்போதே புரிந்துவிடும்: தரையோடு ஒட்டிய படி, சேறு உடையில் தெறிக்காதபடி சக்கரங்களுக்கு மேல் அகலமான தோல் மட்கார்டு.

சமதளத்தில் இரண்டு மட்டக்குதிரைகள் இதை அலுங்காமல் இழுத்துப் போகும். மேடு பள்ளமான ஊருக்கு இதை வாங்காதீர்கள். பழைய வண்டிகள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. குதிரையின் கழுத்திலிருந்து, இரு குதிரைகளுக்கும் நடுவே நீளும் ஏர்க்கால் நுனிக்குப் போகும் வார்தான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. சரிவில் முழுப் பாரமும் அந்த வார் வழியாகக் குதிரையின் கழுத்தில் இறங்கும். வார் தளர்ந்திருந்தால் வண்டி முன்னே ஓடிக் குதிரையை இடிக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் ஏர்க்கால் ஓயாமல் கழுத்தை இழுத்துக்கொண்டிருக்கும், குதிரைக்கு நிம்மதி இருக்காது.

முன்சக்கரம் சிறியது, வண்டியின் அடியில் நுழைந்து திரும்பும். குறுகலான இடத்தில் இது பெரிய வசதி. ஆனால் முழுக்கத் திரும்பிய நிலையில் முன்பக்கத்துக்குப் பிடிமானம் குறைந்துவிடும். அப்போது பின்னுக்குத் தள்ளினால் வண்டி கவிழக்கூடும். முதலில் சக்கரத்தை நேராக்குங்கள்.

பின் இருக்கை உதவியாளருக்கு. நிறுத்தியதும் அவர் இறங்கிப் போய்க் குதிரைகளின் தலைப்பக்கம் நின்ற பிறகே ஓட்டுபவர் கையிலுள்ள கடிவாள வாரை விட வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பராமரிப்பில் முதல் எதிரி வறட்சி. மரம் காய்ந்து சுருங்கினால் ஆரக்கால்கள் சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்தில் ஆட்டம் காணும். சக்கரத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கிரீச்சென்று சத்தம் வந்தாலோ, குடத்தருகே பெயிண்டில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ ஓட்டாமல் தச்சரிடம் கொடுத்துவிடுங்கள். ரப்பர் பட்டா போட்ட சக்கரமென்றால் இணைப்பையும் பாருங்கள். அங்கே இடைவெளி விழுந்தால் உள்ளிருக்கும் கம்பி தளர்ந்துவிட்டது என்று பொருள். முன் அச்சு திரும்பும் இரும்பு வளையத்தில் கிரீஸ் வற்றக் கூடாது.

மட்கார்டின் பளபளப்பான தோலுக்கு எண்ணெய் தடவாதீர்கள், ஈரத்துணி போதும். கூண்டு மடக்கும் வகையென்றால் விரித்தே நிறுத்துங்கள், மடித்து வைத்தால் மடிப்பிலேயே தோல் வெடிக்கும். லாயத்துக்குள் வண்டியை வைக்கவே வைக்காதீர்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா வார்னிஷை மங்கடித்து, தோலையும் கெடுத்துவிடும். தனிக் கொட்டகை கட்டும் செலவு, மறுபடி வார்னிஷ் அடிக்கும் செலவுக்கு முன்னால் ஒன்றுமேயில்லை.