வன்னியில் உளநலக் கிளினிக்கும் வீட்டுத் திட்டமும்: போய்ப் பார்த்ததில் தெரிந்தவை

விடுமுறைக்கு இலங்கையின் வடக்கே வன்னிப் பக்கம் போகும் வெளிநாட்டுக்காரரிடம் சொந்தக்காரர் கேட்கும் உதவிகளில் இரண்டு திரும்பத் திரும்ப வருகின்றன. வீட்டில் மனம் சுகமில்லாமல் இருக்கும் ஒருவருக்கு ‘நல்ல டொக்டர்’ ஒருவரைப் பிடித்துத் தரவேண்டும். சுவர் மட்டத்தில் நிற்கும் வீட்டுக்குக் கூரை போட்டுத் தரவேண்டும். பல வீடுகளில் இரண்டும் ஒரே ஆளைச் சுற்றியவை. ஆனால் ஒன்றுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், மற்றதுக்குப் பிரதேச செயலகத்துக்கு. இங்கே எழுதிக் கொடுக்கும் கடிதத்தை அங்கே கொண்டுபோய்க் கொடுத்து, ‘அடுத்த கிழமை வாங்கோ’ என்றால் அடுத்த கிழமையும் போக ஒரு ஆள் இருக்கும் வீட்டில் வேலை நடக்கிறது. ஆள் இல்லாத வீட்டில் காசு இருந்தாலும் நடப்பதில்லை.

முதலில் ஆஸ்பத்திரி. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் உளநலச் சேவை இலவசம். தள்ளியுள்ள சில ஆஸ்பத்திரிகளுக்கும் மாதத்தில் குறித்த நாளில் உளநல மருத்துவக் குழு வந்து கிளினிக் நடத்துகிறது. துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ இருப்பவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ் மாறிப் போய்வர ஒரு நாள் முழுதும் போகும். ஆகவே கிட்டடியில் எங்கே, எந்த நாளில் கிளினிக் நடக்கிறது என்று கேட்டு, அங்கே மாற்றித் தரச் சொல்லலாம். மாற்றிக் கொடுப்பார்கள், ஆனால் கேட்டால்தான்.

கிளினிக்கில் எல்லாம் கொப்பியில்தான் இருக்கிறது. பொலித்தீன் உறை போட்ட சாதாரண அப்பியாசக் கொப்பி. உள்ளே மருந்தின் பெயர், அளவு, அடுத்த திகதி. சில கொப்பிகளில் இரத்தப் பரிசோதனைத் துண்டும் ஒட்டியிருக்கும். வார்டில் இருந்தவர் என்றால் துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது நோய் விவரம் எழுதிக் கொடுத்த டயக்னோசிஸ் காட்டையும் இதற்குள்ளேயே வைத்திருக்கவேண்டும். கொப்பி மழையில் நனைந்து மை கரைந்துவிட்டால் பழைய அளவைக் கண்டுபிடிப்பது பெரும் பாடு. அங்கு நிற்கும்போது எல்லாப் பக்கங்களையும் போனில் படம் எடுத்து, ஊரில் ஒருவரிடமும் வெளிநாட்டில் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். இரண்டு நிமிட வேலை.

வெளிநாட்டுக்காரர் வழக்கமாகச் செய்வது வேறு. யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ தனியார் சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிப்போய்ப் புதுச் சீட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். எழுதுகிறவர் பெரும்பாலும் அரசாங்க ஆஸ்பத்திரி நிபுணர்தான். ஆனால் கிளினிக் கொப்பியைக் காட்டாவிட்டால் அவருக்குப் பழைய மருந்து தெரியாது. பிறகு வீட்டில் இரண்டு பைக் குளிசை. ஒரே மருந்து ஒரு பையில் கொம்பனிப் பெயரிலும் மற்றதில் மருந்துப் பெயரிலும் கிடக்க, இரண்டையும் போட்டுவிட்டு நாள் முழுக்கத் தூங்கி விழுவார். ‘மருந்து ஒத்துவரவில்லை’ என்று கடைசியில் இரண்டையும் நிறுத்துவார்கள். புதுச் சீட்டு எழுதுவதானால் கொப்பியோடு போங்கள். கொம்பனிப் பெயர் வேண்டாம், மருந்துப் பெயரையே எழுதச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கிடைக்கும் மருந்தா என்று அவரிடமே கேளுங்கள். இல்லையென்றால், நீங்கள் விமானம் ஏறிய மாதத்திலிருந்து அந்தச் செலவு கூலி வேலை செய்யும் தம்பியின் தலையில்.

மூன்று மருந்துகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

குளோசபின்: மனச்சிதைவு நோய்க்கு மற்ற மருந்துகள் சரிவராதபோது கொடுப்பது. இரத்தத்தில் வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடும் என்பதால் பரிசோதனை முடிவைப் பார்க்காமல் குளிசை தரமாட்டார்கள். முதல் 18 கிழமைக்குக் கிழமையொரு தடவை, ஒரு வருடம் முடியும்வரை இரண்டு கிழமைக்கொரு தடவை, பிறகு மாதமொரு தடவை என்பது பொதுவான ஒழுங்கு. கூட்டிப்போக ஆள் இல்லாத வீட்டில் முதலில் தவறுவது இந்தப் பரிசோதனைதான். இரண்டு நாளுக்கு மேல் குளிசை விடுபட்டால் பழைய அளவிலேயே திரும்பத் தொடங்கக் கூடாது. பிரஷர் திடீரென்று விழும், வலிப்பும் வரலாம். 12.5 மில்லிகிராமிலிருந்து மெல்ல மெல்ல ஏற்றவேண்டும், அதை டொக்டர்தான் செய்யவேண்டும். ‘விட்டதையும் சேர்த்துப் போடு’ என்று போனில் வெளிநாட்டிலிருந்து சொல்லும் அண்ணன்மார் தயவுசெய்து பேசாமல் இருங்கள். காய்ச்சல், தொண்டை நோ வந்தால் அன்றைக்கே இரத்தம் பார்க்கவேண்டும். நாட்கணக்காக மலம் போகாமல் இருப்பதும் இந்த மருந்தில் சின்ன விடயம் இல்லை. பீடி, சிகரெட்டைத் திடீரென்று விட்டாலும் மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறும்; விடப்போகிறார் என்றால் முதலே சொல்லுங்கள்.

லித்தியம்: அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்க்குக் கொடுப்பது. வன்னி வெயிலுக்கு இது கவனமான மருந்து. வயலில் நின்று வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் விட்டாலோ, வயிற்றோட்டம் வந்தாலோ இரத்தத்தில் அளவு ஏறிவிடும். உடம்பு நோவுக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் போன்றவையும் ஏற்றும். கை நடுக்கம் கூடி, நடை தடுமாறி, கதை குழறினால் ‘குடிச்சிட்டு வந்திட்டான்’ என்று ஒதுக்கிவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே லித்தியம் எடுப்பவருக்குச் சிறுநீரகப் பரிசோதனை தவறவே கூடாது.

மூன்றாவது, மாத ஊசி. ஃபுளூபெனசீன் போன்றவற்றை இரண்டு முதல் நான்கு கிழமைக்கொரு தடவை போடுவார்கள். தனியாக இருப்பவருக்கு இதுதான் தோது. குளிசை எண்ணிக்கொடுக்க ஆள் தேவையில்லை. உடம்பு இறுகுதல், கால் ஓரிடத்தில் நில்லாமல் அலைதல் வந்தால் ஊசியை நிறுத்தாமல் அதைச் சொன்னாலே போதும், கூடவே குளிசை தருவார்கள். திகதி தவறினால் அடுத்த நாளே பழைய நிலை திரும்பாது. மெல்ல மெல்லத்தான் திரும்பும். ‘ஊசி இல்லாமலே நல்லாத்தான் இருக்கிறார்’ என்று குடும்பம் ஏமாறுவது இதனால்தான்.

திகதி தவறுபவரைத் தேடி வீட்டுக்கு வரும் சமூக உளநலத் தாதியும் சமூக சேவையாளரும் சில இடங்களில் இருக்கிறார்கள். ஆள் குறைவு, ஊர்கள் தூரம். 2022 பொருளாதார நெருக்கடியில் பெற்றோலும் இல்லை, மருந்தும் தட்டுப்பாடு. அந்த வருடத்தில் கிளினிக்கைவிட்டு விலகியவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிடவில்லை. தாதியும் சேவையாளரும் வரும்போது வீட்டைக் கண்டுபிடிக்கமுடியாமல் திரும்புவதும் நடக்கிறது. கொப்பியின் முதல் பக்கத்தில் போன் நம்பரோடு வீட்டுக்கு வரும் வழியையும் எழுதிவைத்தால் பலன் உண்டு: எந்தக் குளத்தடி, எந்தக் கடைக்குப் பின்னால் என்று. நோயாளி சம்மதித்தால் மட்டும். முச்சந்தியில் நின்று விசாரித்துக்கொண்டு வந்தால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்கும் (மன ஆலோசனைக்கும்) உத்தியோகத்தர் உண்டு, அதுவும் இலவசம். துக்கம், குடும்பச் சண்டை, குடி, நுண்கடன் நெருக்கடி போன்றவற்றுக்கு நல்லது. ஆனால் கந்தோருக்குள் எல்லோருக்கும் முன்னால் இருந்து கதைக்கச் சொன்னால் யார் கதைப்பார்கள்? தனியறை கேட்கலாம். குரல் கேட்பவருக்கு, ஆளைக் கொல்ல வருகிறார்கள் என்று பயப்படுபவருக்கு இது போதாது, அவருக்குக் கிளினிக்தான்.

இனி வீடு. போர் முடிந்த 2009க்குப் பிறகு வன்னியில் கட்டப்பட்ட வீடுகளில் பெரும்பங்கு ‘பயனாளியே கட்டும்’ முறையில் வந்தவை. இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய், கட்டம் கட்டமாக. அத்திவாரம் முடிந்து தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்துக் கையெழுத்து வைத்தால்தான் அடுத்த காசு. சுவர், கூரை எல்லாம் அப்படியே. பிறகு வந்த திட்டங்களில் தொகை கூடினாலும் முறை இதுதான். கட்டுகிறவர் மேசனைப் பிடிக்கவேண்டும், மணலுக்கு அனுமதி பார்க்கவேண்டும், சீமெந்தை நனையாமல் அடுக்கவேண்டும், உத்தியோகத்தர் வரும் நாளில் வீட்டில் நிற்கவேண்டும், அடுத்த காசு வரும்வரை கைக்காசோ கடனோ போடவேண்டும். நல்ல சுகமான ஆளுக்கே இது தலையிடி. கணவனை இழந்து நித்திரையில்லாமல் கிடக்கும் பெண்ணோ மருந்தில் இருக்கும் இளைஞனோ எப்படிச் செய்வார்? அதனால்தான் அப்படியான வளவுகளில் கதவுக்கு மேலேயுள்ள லிண்டல் மட்டத்தில் துருப்பிடித்த கம்பி நீட்டிக்கொண்டு நிற்க, பக்கத்தில் தகரக் கொட்டிலில் ஆட்கள் இருக்கிறார்கள். திட்டம் நடுவில் நின்றுபோன இடங்களிலும் இதே கோலம்தான். 2022இல் சீமெந்து விலை ஏறியபோது மிச்சக் காசு மிச்ச வேலைக்குக் காணவில்லை.

இப்படியான வீட்டுக்கு உதவுகிறவர்கள் முழுக்காசையும் ஒரேயடியாகக் கொடுப்பதோ, மாடி வைக்கப் பார்ப்பதோ வேண்டாம். கூரைக்கு முன்னால் கதவு, ஜன்னல், மலசலகூடம் என்று சிலர் தொடங்குவார்கள். கார்த்திகை மழைக்கு முன் கூரை முடியவேண்டும், மற்றதெல்லாம் பிறகு. ஆனால் உளநலம் பாதிக்கப்பட்டவர் இருக்கும் வீட்டில் உள்ளேயிருந்து பூட்டக்கூடிய கதவுள்ள ஓர் அறை இரண்டாவது வேலையாக வரட்டும். கதவில்லாத வீட்டில் நித்திரை வராது, நித்திரை இல்லாவிட்டால் நோய் திரும்பும். சொந்தக்காரரிடம் மொத்தமாக அனுப்புவதைவிடத் தகரக் கடைக்கும் மேசனுக்கும் பற்றுச்சீட்டைப் பார்த்து நேரே கொடுப்பது பின்னால் வரும் மனஸ்தாபத்தையும் குறைக்கும்.

காணிப் பத்திரம் இல்லாமல் வீட்டுத் திட்டத்தில் பெயர் போவது கஷ்டம். குடியேற்றத் திட்டக் காணிகள் பல 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட் (அனுமதிப்பத்திர) காணிகள். பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. பெர்மிட்காரர் தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளரைப் பெயரிடாமல் இறந்தால் முன்பு பிள்ளைகளுக்குள் ஆண்களுக்குத்தான் முன்னுரிமை. 2022 திருத்தம் அதை மாற்றியது. பெர்மிட்காரர் காணாமற்போயிருந்தால், இறப்புச் சான்றிதழ் எடுக்க மனம் வராத குடும்பத்துக்கு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2016 திருத்தத்தின்படி காணாமற்போனவர் என்று உறுதிப்படுத்தும் சான்றிதழ் கிடைக்கும். அதை எடுத்தால் வழக்கு மூடிவிடும் என்று பயப்படுகிறார்கள். தேடலும் விசாரணையும் அதனால் நிற்காது. வயதான தாய் பெர்மிட்டை வைத்திருந்து சுகமில்லாத மகனோடு இருக்கிறார் என்றால், அவர் உயிரோடு இருக்கும்போதே பெயரிடும் வேலையை முடிக்கவேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகள் ‘பிறகு பார்ப்போம்’ என்பதுதான் இங்கே பெரிய முட்டுக்கட்டை.

உதவித்தொகையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 2025இல் 10,000 ரூபாயாக உயர்ந்தது. உளநோயால் வேலை செய்ய முடியாதவரும் விண்ணப்பிக்கலாம் என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது. அதற்கு வைத்திய அறிக்கை வேண்டும், அறிக்கைக்குக் கிளினிக்கில் ஒழுங்காக வந்த பதிவு வேண்டும், வங்கிக் கணக்குக்கு அடையாள அட்டை வேண்டும். அட்டை தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாடு, விதானையாரின் (கிராம அலுவலரின்) கையெழுத்து, பதிவுசெய்த ஸ்டூடியோவில் எடுத்த படம் என்று மூன்று இடம் ஓடவேண்டும். விடுமுறையில் நிற்பவர் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போய் முடிக்கக்கூடிய வேலை இதுதான். டொக்டரைத் தேடுவதைவிட இதைச் செய்தால் பலன் அதிகம்.

கனடா, லண்டன் மாதிரி வார்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஊழியர் பார்த்துக்கொள்ளும் குடியிருப்பு அங்கே எளிதில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். துண்டு வெட்டினால் பெரும்பாலும் கையெழுத்து வைத்தவரோடு வீட்டுக்குத்தான். ஆகவே கூடப் போகும் ஆளுக்குத்தான் காசு ஒழுங்கு செய்யவேண்டும்: கிளினிக் நாளில் அவர் இழக்கும் நாட்கூலி, ஓட்டோக் காசு, மதியச் சாப்பாடு. அதை மாதாமாதம் அவர் பெயரிலேயே அனுப்புங்கள், நோயாளியின் பெயரில் அல்ல. அவருக்கும் சுகமில்லாமல் போகும் என்பதால் இரண்டாவது ஆள் ஒருவரையும் கிளினிக்கில் அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள். கொப்பியின் பின் அட்டையில் 1926 என்ற தேசிய உளநலத் தொலைபேசி இலக்கத்தையும், உயிருக்கு ஆபத்தென்றால் இலவச அம்புலன்ஸ் வரும் 1990ஐயும் பெரிதாக எழுதி, போன் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் கொடுங்கள்.