கையால் வரைந்தது உண்மைதான், பழையது என்பதுதான் பொய்

இத்தாலியின் பலெர்மோ நகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 280 யூரோ கொடுத்து ஒரு தட்டு வாங்கினேன். பெறுமதி 40 யூரோ. நம் ஆட்கள் பலரும் இந்தச் சந்தைகளுக்குப் போவதால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

நான் வேலை செய்யும் வீட்டு அம்மா நடு இத்தாலியின் உம்ப்ரியாப் பகுதிக்காரர், வயது 80. தெரூத்தா அந்தப் பகுதியில் மட்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். அவருடைய தாய் வைத்திருந்த தெரூத்தா தட்டு ஒன்று சமையலறைச் சுவரிலிருந்து விழுந்து உடைந்துவிட்டது. துண்டுகளை எறிய மனமில்லாமல் ஒரு துணிப்பைக்குள் கட்டி வைத்திருக்கிறார். வெள்ளைப் பரப்பில் மஞ்சளும் நீலமுமாக, இலைச்சுருளுக்கு நடுவே இறகு முளைத்த பாம்புபோல ஒரு உருவம். இந்தக் கோலத்தை ரஃபாயெல்லெஸ்கோ என்பார்கள். சந்தையில் அதே உருவத்தைக் கண்டதும் கால் நகரவில்லை.

கடைக்காரர், "1700களில் செய்தது" என்றார். உருப்பெருக்கிக் கண்ணாடியையும் நீட்டினார். அச்சடித்த படமாக இருந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும், இதில் தூரிகைக் கோடு தெரிகிறதா பாருங்கள் என்றார். பார்த்தேன், தெரிந்தது. கோடு தடித்துத் தொடங்கி மெலிந்து முடிந்தது. ஒரு இலை மாதிரி மற்றது இல்லை. அவர் சொன்னதில் அது மட்டும் உண்மை. மயோலிக்கா என்னும் இந்த வகைப் பாண்டத்தில், சுட்ட மண் தட்டை வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சில் முக்கி, அது சுடப்படுவதற்கு முன்பே அதன்மேல் வரைவார்கள். பூச்சு வர்ணத்தை உடனே உறிஞ்சிவிடும், பிழைத்தால் அழித்து வரைய முடியாது. அதனால் கை போன வேகம் அப்படியே நிற்கும். ஆனால் தெரூத்தாவில் இன்றைக்கும் அப்படித்தான் வரைகிறார்கள். போன வருடத் தட்டும் அந்தக் கண்ணாடிக்குள் அதே மாதிரித்தான் தெரியும். இது எனக்கு அப்போது தோன்றவில்லை.

தட்டின் பின்புறம் பழுப்பேறிய காகிதம் ஒன்று ஒட்டி, மையால் 47 என்று எழுதியிருந்தது. ஏதோ பெரிய வீட்டுப் பொருட்பட்டியல் எண் என்றார். அதையும் நம்பினேன்.

வீட்டுக்கு வந்து இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்தேன். பத்து நிமிடத்தில் தண்ணீர் சாயத் தேநீர் நிறமானது. பூச்சில் ஓடிய மயிரிழை வெடிப்புகளில் இருந்த பழுப்பு போய்விட்டது. அப்புறம் காகிதம் தானாகக் கழன்று மிதந்தது. அது மறைத்திருந்த இடத்தில் நீல எழுத்தில் ஊர்ப்பெயர், அதன் கீழே நாட்டின் பெயர். இத்தாலியர் எழுதுவதுபோல 'இத்தாலியா' என்று இல்லை, ஆங்கிலத்தில், ஒய் எழுத்தில் முடிந்தது.

இத்தாலி ஒரே அரசானது 1861இல். இறக்குமதிப் பொருள்களில் செய்த நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சுங்கச் சட்டம் போட்டது, 1891இல் அது நடைமுறைக்கு வந்தது. ஏற்றுமதித் தட்டுகளில் அந்த ஆங்கிலச் சொல் வழக்கமானது அதற்குப் பிறகுதான். 1700களில் செய்த தட்டில் அதற்கு வேலையே இல்லை.

இருந்தாலும் சந்தேகம் தீரட்டும் என்று, பழைய பாண்டங்களைச் செப்பனிடும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை, நேரே கவிழ்த்தார். அடிவளையத்தை விரலால் தடவிக் காட்டினார். மேசையில் இழுபட்டுத் தேய்ந்தால் ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும் இருக்கும், கீறல்கள் கண்டபடி ஓடும். இதில் சுற்றிவர ஒரே சீராக, ஒரே திசையில் கீறல். உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். 40 யூரோ பெறும், அதுவும் வரைந்த கைக்காக என்றார். வரைந்தவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, வேலை வடிவான வேலை.

கடைக்காரர் காசைத் திருப்பித் தரவில்லை. ரசீது இல்லையே என்றார். காலத்தையும் ஊரையும் எழுதிக் கையெழுத்துப் போட்ட ரசீது வாங்காமல் இந்த விலைப் பொருளைத் தொடாதீர்கள். எழுதித் தர மறுத்தால், அந்த இடத்திலேயே தட்டை வைத்துவிட்டு வாருங்கள்.

போன ஞாயிறு அந்தப் பக்கம் போனபோது, அதே மேசையில் வேறொரு தட்டு. பின்னால் அதே பழுப்புக் காகிதம், அதே கையெழுத்து, எண் 52. ஒரு தமிழ்ப் பெடியன் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தம்பி, காசைக் குடுக்காதேங்கோ. முதல்ல அந்தக் காகிதத்தை நனைச்சுப் பாருங்கோ" என்றேன்.

அவன் தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தான். கடைக்காரர் தட்டை வாங்கி மேசைக்குக் கீழே வைத்துவிட்டார்.